மருத்துவம் படிக்கப் படிக்க இரக்கம் குறைகிறதா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பள்ளியில் படிக்கும்போது ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போன வாரம் போனில் "இன்னிக்கு வார்டுல சூப்பர் கேஸ்ப்பா, எல்லா சைனும் இருந்துச்சு" என்று உற்சாகமாகச் சொன்னார். அந்த நோயாளி பிழைத்துவிடுவாரா என்று நீங்கள் கேட்டதற்கு, "சிரோசிஸ்ப்பா, ரொம்ப லேட்டா வந்திருக்காரு" என்று கல்லீரல் இறுகிச் சுருங்கிப்போகும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போய்விட்டார். இந்தப் படிப்பு பிள்ளைகளின் மனதை மரத்துப்போக வைக்கிறதா, இரக்கம் என்பது சொல்லிக்கொடுத்து வருவதா, சேவை செய்ய வேண்டுமென்றால் கிராமத்துக்குத்தான் போக வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத நான்காவது ஒன்றும் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்: என் பெண் எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தியாக மாறிக்கொண்டிருக்கிறாளா? அதையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது, குணப்படுத்த முடியாத நோயின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சைப் பிரிவு ஒன்றில் வாரத்தில் சில நாட்கள் வேலை செய்கிறேன். ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் ஜி.எச். வார்டுகளின் கதை. பெரிய தனியார் மருத்துவமனைகளுக்குள் நான் வேலை பார்த்ததில்லை.

அந்தப் போன் பேச்சை வைத்து உங்கள் மகளை எடைபோடாதீர்கள். புத்தகத்தில் வரிவரியாகப் படித்த ஒன்று முதன்முறையாகக் கண்முன் ஓர் உடம்பில் தெரியும்போது எந்த மாணவருக்கும் மனம் துள்ளும். உள்ளங்கைச் சிவப்பு, மார்பில் சிலந்திக் கால்போல விரியும் ரத்தக் குழாய், வயிற்றில் தேங்கிய நீர், நீட்டிய கையில் படபடக்கும் நடுக்கம் என்று எல்லாம் ஒரே ஆளிடம் கிடைத்தால் அந்த நாளை அவர்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். இப்படி ஒருவரிடம் கற்றுக்கொண்டதால்தான் பத்து வருடம் கழித்து வேறொருவரை நோய் முற்றுவதற்கு முன்பே பிடிக்க முடிகிறது. அந்தச் சந்தோஷம் நோயாளியின் துன்பத்தைப் பற்றியது அல்ல. கண் திறந்துகொண்டதைப் பற்றியது. இரண்டும் ஒரே படுக்கையில் நடப்பதால் வெளியில் இருந்து கேட்பவருக்குக் கொடூரமாகப் படுகிறது. படுவது நியாயம்தான்.

ஆனால் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பது வேறு விஷயம். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படலாம், விசாரிக்கலாம். ஒரு யூனிட்டில் நல்ல மர்மர், அதாவது இதயத்தில் தெளிவாகக் கேட்கும் அசாதாரண ஓசை, இருக்கும் நோயாளி வந்துவிட்டால் செய்தி ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிடும். காலையில் ஒரு பேட்ச், மாலையில் ஒரு பேட்ச், பரீட்சை நெருங்கினால் ராத்திரியிலும் ஆட்கள் வருவார்கள். ஒருவர் பின் ஒருவராக ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "கொஞ்சம் திரும்பிப் படுங்க, மூச்சை வெளிய விட்டு நிறுத்துங்க" என்பார்கள். இதய வால்வு சுருங்கிய ஓர் அம்மாவுக்கு இடப்பக்கம் திரும்பிப் படுப்பதே மூச்சு வாங்கும் வேலை. அவர் மறுப்பதில்லை, "படிக்கிற புள்ளைங்க" என்று விட்டுக்கொடுப்பார். பரீட்சைக்கு கேஸாக வந்து படுப்பவர்களில் சிலர், தடுமாறும் மாணவரிடம் தங்கள் நோயின் பெயரையே ரகசியமாகச் சொல்லிக் காப்பாற்றுவதும் உண்டு. இது எல்லா மருத்துவக் கல்லூரிக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம். யார் யாருக்கு இரக்கம் காட்டுகிறார்கள் என்று அந்த நேரத்தில் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் சீஃப், அதாவது யூனிட்டின் தலைமைப் பேராசிரியர், எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மாணவர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது முடிவாகிறது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் யூனிட்டில் ஒரு பேராசிரியர் இருந்தார். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்று எத்தனை பேர் பரிசோதிப்போம் என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். திரையை அவரே இழுத்து மூடுவார். நான்கு பேர் கேட்டதும் நிறுத்திவிட்டு மீதிப்பேரை மறுநாள் வரச் சொல்வார். முடிந்ததும் சேலையையோ போர்வையையோ சரிசெய்துவிட்டு, நாங்கள் ஆங்கிலத்தில் என்ன பேசினோம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்வார். அவர் இரக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை உபதேசம் செய்து நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்களை இன்றும் வார்டில் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம், முதலில் திரையைத் தேடுவார்கள். எதிர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். நோயாளியின் காலடியில் நின்றுகொண்டு, அவர் குடித்துக் குடித்தே இந்த நிலைக்கு வந்தார் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. கேள்விக்குப் பதில் தெரியாத மாணவரை அதே நோயாளியின் முன்னால் அவமானப்படுத்துகிறவர்களும் உண்டு. அவமானப்பட்ட பிள்ளை அடுத்த முறை நோயாளியைப் பார்ப்பதில்லை, சீஃபின் முகத்தையே பார்க்கிறது. பாடத்திட்டத்தில் எழுதாத இந்தப் பாடம்தான் ஆழமாகப் பதிகிறது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

படிப்பு இரக்கத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் செய்தித்தாள் தலைப்புகள் சொல்லும் அளவுக்கு அது உறுதியானதல்ல. அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜத் என்பவரும் அவருடைய சகாக்களும் மாணவர்களின் பரிவைத் தொடர்ந்து அளந்து 2009-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரிய மாற்றமில்லை, மூன்றாம் ஆண்டில், அதாவது அங்கே மாணவர்கள் வார்டுக்குள் நுழையும் ஆண்டில், மதிப்பெண் இறங்குகிறது என்றார்கள். நோயாளிகளோடு பழகத் தொடங்கும்போது கூட வேண்டியது குறைகிறதே என்று உலகம் முழுக்கப் பேச்சானது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, இறக்கம் மிகச் சிறியது, அளவுகோலும் மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பும் வினாத்தாள்தான் என்று எதிர்த்தார்கள். ஜப்பானிலும் போர்ச்சுகலிலும் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது மேல் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: படிப்பு எல்லோரையும் கல்லாக்கும் என்பது நிரூபணமாகவில்லை. எந்த ஊரில், எந்தச் சூழலில், யாரிடம் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறவும் செய்கிறது, இறங்கவும் செய்கிறது. ஒரு தாளில் 'நோயாளியின் உணர்வை நான் புரிந்துகொள்கிறேன்' என்பதற்கு நேராக டிக் போடுவதும், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்கு பெட்பேன் கேட்டுக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூழல் என்று சொன்னேனே, அதில் மிகப் பெரியது நேரம். 1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றை நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லியிருக்கிறேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசுவதற்காகச் சில மாணவர்களையும், வேறொரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்காக மற்றவர்களையும் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அவரும் பரிசோதனையின் அங்கம்தான். அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். என்ன பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. மொத்தமே 40 பேர் கலந்துகொண்ட சிறிய ஆய்வு, ஆகவே சதவீதங்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்கள் ஓ.பி.யில் உட்கார்ந்தவர் யாருக்கும் அதன் சாரம் ஆச்சரியமாக இருக்காது. 2017-ல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு, ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல் என்று கணக்கிட்டது. வங்கதேச மருத்துவர்கள் ஸ்வீடன்காரர்களைவிட மனிதத் தன்மை குறைந்தவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

நம் ஊரில் அட்மிஷன் டே என்றால் என்ன என்பதை உங்கள் மகள் படிப்பின் கடைசியில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர், ஆகும்போது தெரிந்துகொள்வார். அன்று வருகிற அவசர நோயாளிகள் எல்லாம் அந்த யூனிட்டுக்கே. படுக்கை நிரம்பினால் தரையில் பாய் விரிப்பார்கள். ரத்தம் எடுக்க வேண்டும், ட்ரிப் போட வேண்டும், கேஸ் ஷீட் எழுத வேண்டும், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லையென்றால் தானே தள்ள வேண்டும். மறுநாள் காலை ரவுண்ட்ஸிலும் நிற்க வேண்டும். மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக்கொண்டே வேலை செய்யும் உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசின் விதி 1992 முதல் காகிதத்தில் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 48 என்ற விதி இருக்கும்போதே 74-ஐப் பரிந்துரையாக வைக்க வேண்டியிருக்கிறது என்றால் நடப்பு என்னவாக இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தூங்காத மனிதர் சிடுசிடுப்பார். அதை அவருடைய குணம் என்று நோயாளியின் குடும்பம் நினைக்கும், சில வருடங்களில் அவரே அப்படி நம்பத் தொடங்கிவிடுவார். இதுதான் நான் உண்மையில் பயப்படும் இடம். நேரத்தைக் கொடுக்காமல் இரக்கத்தைக் கேட்கும் நிர்வாகத்தைப் பற்றி, அது எந்த அரசாக இருந்தாலும், எனக்குக் கோபம் உண்டு.

அதே சமயம், நேரமில்லை என்பதை எல்லாவற்றுக்கும் பதிலாக நான் ஏற்றுக்கொள்வதும் இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை மருத்துவர் சிலரை நின்றுகொண்டும் சிலரை உட்கார்ந்தும் பார்த்தார். இரண்டிலும் செலவான நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் உட்கார்ந்து பேசியபோது மருத்துவர் ஐந்து நிமிடம் தங்களோடு இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். நம் வார்டுகளில் ஸ்டூல் கிடைப்பது கஷ்டம், கட்டில் ஓரத்தில் கேட்டுவிட்டு உட்காரலாம். இதற்குக் கூடுதலாக ஒரு விநாடியும் ஆகாது.

அடுத்து, உங்கள் மகள் அந்த நோயாளிக்காக வருத்தப்படவில்லையே என்கிறீர்கள். இதைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம். மருத்துவர் ஒவ்வொரு நோயாளியின் வலியையும் தன் வலியாக உணர வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வுகளில், அடுத்தவர் துன்பத்தை அப்படியே உள்வாங்கப் பழகியவர்களுக்கு மன வேதனை கூடியது. அதே ஆட்களுக்கு, துன்பப்படுபவரின் நலத்தை விரும்பி அவருக்காக ஏதாவது செய்யும் மனநிலையைப் பழக்கியபோது அது குறைந்தது, மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. பங்கேற்றவர்கள் மருத்துவர்கள் அல்ல, எண்ணிக்கையும் குறைவு என்பதால் இதை வார்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நான் நேரில் கண்டதோடு ஒத்துப்போகிறது. எல்லோரோடும் சேர்ந்து அழுத ஹவுஸ் சர்ஜன்கள் சிலர் ஆறு மாதத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர்கள் ஆனார்கள். கண் கலங்காமல், ஆனால் செய்ய வேண்டியதை விடாமல் செய்தவர்கள் முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது என்றால் என்ன? ஒரு மரணத்தை எடுத்துக்கொள்வோம். டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் இசிஜி எடுத்துப் பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, இறப்பை உறுதிசெய்கிறார். வெளியே காரிடாரில் மகன் நிற்கிறார். நடந்துகொண்டே "முடிஞ்சிருச்சு, ஃபார்ம்ல கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லலாம். அவரை ஓரமாக அழைத்து உட்கார வைத்து, "அப்பா இறந்துட்டாருங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் கூட நிற்கவும் செய்யலாம். அதோடு முடியவில்லை. உடலை எப்போது தருவார்கள், போஸ்ட்மார்ட்டம் தேவையா, தேவையென்றால் ஏன், இறப்புச் சான்று எங்கே வாங்குவது, இலவச அமரர் ஊர்திக்கு யாரைக் கூப்பிடுவது என்று சொல்வதற்கு அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை. வெளியூர்க்காரராக இருந்தால் வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கடனோடு ஊர் போய்ச் சேருவார். இந்த நான்கு தகவல்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்த ஒரு பையனைத் தேடிக்கொண்டு அந்தக் குடும்பம் காரியம் முடிந்ததும் வார்டுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் அழவில்லை. அவன் செய்தது இரக்கம் இல்லையென்றால் வேறு எதை அப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வகை இரக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. முடியும், ஓரளவு. 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இந்தியா முழுக்க எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. ஏட்காம் என்று சுருக்கமாகச் சொல்லும் பாடத்தில் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை எல்லாம் முதல் ஆண்டிலிருந்தே வருகின்றன. குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் திட்டமும் பின்னர் சேர்ந்தது. துக்கச் செய்தியைச் சொல்வது எப்படி என்பதை ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பழகலாம், ஆசிரியர் திருத்தலாம். இதயத்தை அழுத்திக் காப்பாற்றும் முறையைப் பொம்மையில் பழகுவதுபோல இதையும் பழகினால்தான் வரும். ஆனால் வகுப்பில் ஏட்காம் பாடம் கேட்டுவிட்டு வார்டுக்குப் போகும் மாணவி அங்கே சீனியர் கத்துவதைத்தான் பார்க்கிறாள் என்றால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் இந்த வகுப்புகள் வருகைப் பதிவுக்காக நடக்கின்றன என்று மாணவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். எல்லாக் கல்லூரிகளும் அப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

வகுப்பில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'ஏன்' என்று கேட்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வராத ஒருவரை "மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல" என்று திட்டி டோஸைக் கூட்டி அனுப்புவது எளிது. இன்சுலின் பாட்டிலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டால்தான் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்பது வெளியே வரும். ஈரமான மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஓ.பி.க்கு ஒரு நாள், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், ரிசல்ட்டைக் காட்ட ஒரு நாள் என்றால் கூலி வேலைக்குப் போகிறவருக்கு மூன்று நாள் சம்பளம் போகிறது, அவர் நான்காவது முறை வரமாட்டார். எந்த ஊர், எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொடுப்பது வைத்தியத்தின் பகுதிதான்.

இதற்கு நம் மண்ணிலேயே நடந்த பெரிய உதாரணம் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை தொடங்கியவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். உணர்ச்சி இல்லாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது, ஆணியில் கிழிகிறது, வலிக்காததால் காயம் கவனிக்கப்படாமல் போகிறது என்று கண்டார். ராத்திரியில் மட்டும் விரல்நுனி காணாமல் போவது ஏன் என்று காவல் இருந்து பார்த்ததில், தூங்குகிறவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. பிறகு பூனைகள் வந்தன. காலுக்கு ஏற்ற மெத்தென்ற செருப்பு வந்தது. அந்த மனிதர்கள் மீது அவருக்கு இருந்த அன்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், நான் மாணவர்களிடம் அந்த எலியைப் பற்றித்தான் பேசுவேன். அந்தக் காலத்தில் யாரும் தொடவே தயங்கிய நோயாளிகளின் விரலுக்கு என்ன ஆனது என்று ராத்திரி விழித்திருந்து கண்டுபிடிக்க ஒருவருக்குத் தோன்றியதே, அந்த அக்கறையைத்தான் நான் மாணவர்களிடம் எதிர்பார்க்கிறேன்.

இரக்கமுள்ள மருத்துவரிடம் போனால் நோய் நன்றாகக் குணமாகுமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். சர்க்கரை நோயில் இரண்டு ஆய்வுகள் உண்டு. ஜெஃபர்சனில் 891 நோயாளிகளைப் பார்த்தபோது, பரிவு மதிப்பெண் அதிகம் பெற்ற மருத்துவர்களிடம் சென்றவர்களில் 56 சதவீதம் பேருக்கும், குறைவாகப் பெற்றவர்களிடம் சென்றவர்களில் 40 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. இத்தாலியின் பார்மாவில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், சர்க்கரை நோயின் திடீர்ச் சிக்கல்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், பரிவு மதிப்பெண் அதிகம் பெற்ற மருத்துவர்களிடம் சென்றவர்களில் ஆயிரத்துக்கு 4 பேர், குறைவாகப் பெற்றவர்களிடம் சென்றவர்களில் 6.5 பேர். பரிவுதான் காரணம் என்று இவை நிரூபிக்கவில்லை. பரிவுள்ளவர்கள் வேறு விதங்களிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம். நோயாளியின் பேச்சைக் கேட்பவருக்குத் தகவல் அதிகம் கிடைக்கிறது, சொல்வதை நோயாளியும் கேட்கிறார் என்பதுதான் என் விளக்கம். இது என் அனுபவம் சொல்வது, நிரூபணம் அல்ல.

கிராமத்துக்குப் போனால்தான் சேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கிக்கு 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி போய்க் குடிசையில் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். இப்படிப்பட்டவர்களை எண்ணினால் எனக்கு மனம் நிறையும். அதே 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலித்தணிப்பு கிளினிக் பெரிய அரசு மருத்துவமனைக்கு உள்ளேதான் பிறந்தது. அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டு அது கேரளம் முழுக்கப் பரவியது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபின், முடக்குவாதத்தால் திருகிப்போன விரல்களோடு, 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கும்படி அமைத்தார். இடம் மூன்றும் வேறு, ஆட்களின் சுபாவமும் வேறு. சொந்த ஊரில் கிளினிக் வைத்து நியாயமான ஃபீஸ் வாங்கி, தேவையில்லாத டெஸ்ட் எழுதாமல் இருக்கிற பொது மருத்துவரையும் நான் இவர்களோடு சேர்த்தே எண்ணுகிறேன். உங்கள் மகள் நன்றாகச் சம்பாதிக்க ஆசைப்பட்டால் அதைத் துரோகம்போலப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, பெற்றோராக நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த முறை 'நல்ல கேஸ்' என்று சொன்னால் கண்டிக்காமல், அவருக்கு என்ன வேலை, கூட யார் இருக்கிறார்கள், நீ அவரிடம் என்ன பேசினாய் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். பல மாணவர்களை நோயாளியின் தலைமாட்டில் உட்கார வைத்தது இந்த மாதிரிக் கேள்விதான். எந்த யூனிட், சீஃப் எப்படிப்பட்டவர், யாரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது என்றும் கேளுங்கள். முதல் மரணத்தைப் பார்த்த அன்று ஒரு சீனியர் டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் பேசியிருந்தால் அது பெரிய பாக்கியம். அப்படி யாரும் இல்லையென்றால் அந்த இடத்தில் போனில் நீங்கள் இருக்கலாம். மருத்துவம் தெரியாது என்று தயங்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நான் உங்களை விழிப்பாக இருக்கச் சொல்வது வேறு அறிகுறிகளுக்கு. உற்சாகம் எதிலும் இல்லாமல் போவது, தூக்கம் கெடுவது, நோயாளிகள் மீது தொடர்ந்த வெறுப்பு, "எதுக்குப்பா இதெல்லாம்" என்ற பேச்சு. நான் முன்பு சொன்ன 2024 பணிக்குழுவின் இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன இளநிலை மாணவர்களில் 16.2 சதவீதம் பேரும் முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேரும் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் நிரப்பிய கணக்கு என்பதால் மொத்த மாணவர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. பாதியாக இருந்தாலும் பயங்கரம்தான். அப்படி ஏதாவது தெரிந்தால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள், கல்லூரியின் மனநலத் துறையிலோ வெளியிலோ ஒருவரிடம் அழைத்துப்போங்கள், அதுவரை 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிவது, வயிற்று நீரையும் கை நடுக்கத்தையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு அதை முதலில் அப்பாவிடம் சொல்ல நினைத்த ஒரு பெண். அந்த சிரோசிஸ் நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று இந்த வாரம் போனில் கேட்டுப் பாருங்கள். பதிலை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், படிக்கிறேன்.